எண்பத்தேழில் ஒரு பங்கு

மனித குலம் ரயிலைக் கண்டுபிடித்தது சரி. அளவில்தான் பிழை விட்டுவிட்டது. அவ்வளவு பெரிதாகச் செய்திருக்கத் தேவையே இல்லை. பெரிய ரயிலால் வந்த தொல்லைகளை நினைத்துப் பாருங்கள்: நெரிசல், புகை, பிந்தி வருதல், இருக்கை பிடிக்க ஜன்னலுக்குள்ளால் கைக்குட்டை எறிதல். இந்த வரலாற்றுப் பிழையைத் திருத்தப் பல தேசங்களில் பல மேதைகள் முயன்றிருக்கலாம். ஆனால் சட்டவிதிகளோடு யாப்பு எழுதி, கூட்டம் கூட்டி, முன்மொழிந்து, வழிமொழிந்து, முறைப்படி திருத்தியவர்கள் கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நான் என்பதைத் தன்னடக்கத்தோடு இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம்.

எங்கள் கழகத்தின் பெயர் கண்டி மாநகர மற்றும் சுற்றுப்புறச் சிற்றளவுப் புகையிரத ஆர்வலர் நலன்புரி முன்னேற்றக் கழகம். அதற்குக் கீழே "பதிவுக்கு விண்ணப்பிக்கப்படவுள்ளது" என்று இன்னொரு வரியும் உண்டு. பெயர் சுருங்கினால் மதிப்பும் சுருங்கும் என்பது தலைவர் மத்தியூவின் கருத்து. அதனால் பெயர்ப்பலகை பன்னிரண்டு அடி நீளத்துக்குப் போய்விட்டது. பலகை செய்து தந்தவர் உபதலைவர் ரிஸ்மி. அவருடைய ஹாட்வெயார் கடையில் அன்றைக்கு விற்காமல் கிடந்தது சிவப்புப் பெயின்ட். ஆகவே சிவப்புப் பலகை, வெள்ளை எழுத்து. அதைக் கடையின் முன்சுவரில் நாலு ஸ்குரூ போட்டு மாட்டினோம். கடையின் மேல்மாடி எங்கள் தலைமையகம்.

கழகத்தில் சாதாரண உறுப்பினர் என்று ஒருவரும் கிடையாது. அவ்வளவு கட்டுப்பாடான கழகம். எல்லோருக்கும் பதவி உண்டு. மத்தியூ ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். எந்த விடயத்தையும் அடுத்த மேசைக்கு அனுப்பிவைப்பதில் நாற்பது வருட அனுபவம் உள்ளவர். கணித டியூஷன் மாஸ்டர் இளங்கோ "அளவுத்திட்டப் பணிப்பாளர்". நான் ஊடகச் செயலாளர். ஊடகங்கள் இன்னும் எங்களைத் தேடி வரவில்லை. வந்தால் சொல்வதற்கு ஒரு நல்ல உரையைத் தயாராக வைத்திருக்கிறேன்.

எங்கள் மகத்தான திட்டம் இதுதான். பிலிமத்தலாவை ஸ்டேஷனிலிருந்து எங்கள் குறுக்கு வீதியில் உள்ள ரயில் கடவை வரைக்குமான பாதையை, எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில், ஒரு பெரிய மேசைமேல் அப்படியே கட்டுவது. ஒன்றும் கூடக் கூடாது, ஒன்றும் குறையக் கூடாது. ஏன் எண்பத்தேழில் ஒரு பங்கு என்று கேட்டால் இளங்கோ அரை மணித்தியாலம் விளக்குவார். ஆகையால் நாங்கள் யாரும் கேட்பதில்லை.

கழகத்தின் உயிர்மூச்சு "அசல் பொருள் கொள்கை". வெளிநாட்டில் இந்த வேலை செய்கிறவர்கள் பிளாஸ்டிக் புல், பெட்டியில் வரும் மரம் என்று ஆட்களை ஏமாற்றுகிறார்கள். எங்களிடம் அந்தக் கதை இல்லை. எங்கள் மேசையில் கிடக்கும் சல்லிக்கல், பாதையோரம் கிடந்த சல்லிக்கல்லைச் சுத்தியலால் உடைத்துச் சலித்தது. துரு என்றால் அசல் துரு. தூரத்தில் தெரியும் தேயிலை மலைக்குப் புசல்லாவைத் தேயிலையே வேண்டும் என்று ஏகமனதாக முடிவானது. கூட்டங்களில் குடித்த பிளேன்டீயின் சக்கையைக் காயவைத்து, பச்சை பூசி, ஒட்டினோம். இவர்கள் அங்கே சும்மா இருந்து பிளேன்டீ குடிக்கிறார்கள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு அடிபடுகிறது. மலை கட்டுவது என்றால் என்னவென்று இந்த ஊருக்கு எங்கே தெரியப்போகிறது!

ஸ்டேஷன் மேடையில் எப்போதும் படுத்திருக்கும் நாயையும் செய்தோம். அதற்கு அந்த நாயின் மயிரே வேண்டும் என்றார் தலைவர். கத்தரிக்கோலோடு அவரே நேரில் போனார். நாய் ஒத்துழைக்கவில்லை. தலைவர் ஐந்து ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார், மயிரும் கையில் இருந்தது. அன்றைக்கு அவருக்கு மாலை போட்டோம்.

இப்படி எல்லாம் முடிந்து, கடைசியாகக் கடவையின் கேட்டு மட்டும் மிச்சம் இருந்தது.

எங்கள் கடவையில் தானாக இறங்கும் கேட்டு கிடையாது. மணி, விளக்கு ஒன்றும் கிடையாது. ஒரு நீளமான மூங்கில். அதன் ஒரு முனையில் கல்லைக் கட்டி, மறுமுனையில் கயிற்றைக் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுந்தரி நிற்பார். ரயில் வரும்போது கயிற்றை இழுப்பார், மூங்கில் இறங்கும். போனதும் விடுவார், மூங்கில் ஏறும். பன்விலையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். பொலிஸ் மூலம் கிடைக்கும் நாட்கூலி. வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்து ஒரே குடை. தொண்டை மட்டும் நல்ல தொண்டை, அவர் "ஏய் த்ரீவீலு!" என்று கத்தினால் பெராதெனிய ரோட்டில் போகிற த்ரீவீலும் நிற்கும். மூங்கிலுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பெயின்ட் அடித்ததும் அவர்தான்.

நாங்கள் நால்வரும் தூதுக்குழுவாகப் போனோம்.

"இந்த மூங்கில் எங்களுக்கு வேணும், சுந்தரி," என்றார் தலைவர்.

"எதுக்குங்க சேர்?"

"சரித்திரத்துக்கு."

"சரித்திரம் எத்தன மணிக்குத் திருப்பிக் குடுக்கும்? மூணரைக்குக் கோச்சி இருக்கு."

தலைவர் என்னைப் பார்த்தார். இது ஊடகம் சம்பந்தப்பட்ட கேள்வி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் சொன்னேன்: "மூணரைக்கு முந்தி வந்திடும் சுந்தரி. அளவு எடுக்கிறதுக்கு மட்டுந்தான். எங்கட மேசையில உங்கட கேட்டும் வரப்போகுது. பெருமையா இல்லையா?"

"பெருமைய வச்சு ரோட்ட மறிக்க ஏலாதுங்களே," என்றார் சுந்தரி. பிறகு கொஞ்சம் யோசித்தார். "திறப்பு விழாவுக்கு ஒரு பெரியவரு வாறாருன்னு சொன்னாங்க. நெசமா?"

"நிச்சயமாக. பிரதம அதிதி."

"அப்புடின்னா ஒரு உதவி செய்யுங்க சேர். இந்த எடத்துக்கு மணியும் லைட்டும் வச்ச ஒழுங்கான கேட்டு ஒண்ணு போடச் சொல்லி அவருகிட்ட பேசுங்க. ஸ்கூல் விட்டா புள்ளைங்க கண்ணு மண்ணு தெரியாம ஓடி வருதுங்க. நான் ஒரு நாளு காய்ச்சல்ல படுத்தா யாரு பாப்பா? நெனச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குது."

நான் என் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன். தலைவரும் தன் நெஞ்சில் கை வைத்தார். இளங்கோ இரண்டு நெஞ்சையும் பார்த்துவிட்டு மூங்கிலின் அடிப்பக்கத்தைத் தூக்கினார். இப்படியாக மூங்கில் "தற்காலிகமாகப் பொறுப்பேற்கப்பட்டது".

அன்றைக்கே அவசரக் கூட்டம் கூடினோம். நடுவில் மூங்கில், சுற்றிவர நாங்கள்.

"பன்னிரண்டு அடிய எண்பத்தேழால பிரிச்சா ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட," என்றார் இளங்கோ. "தடிப்பு ஒரு ஊசி அளவு வரும்."

"அப்ப ஒன்றரை அங்குலத் துண்டு ஒண்ண வெட்டிச் சீவினா சரிதானே," என்றார் ரிஸ்மி. "மிச்சத்த அந்த மனுசிக்கிட்ட குடுத்திரலாம். இதுல என்ன கூட்டம் ஈக்குது?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஒரு கொள்கை பிறக்கப்போகிறது என்று அர்த்தம்.

"எந்த ஒன்றரை அங்குலம்?" என்று கேட்டார். "அடியிலயா, நுனியிலயா, நடுவிலயா? அடியில வெட்டினா நுனிக்கு அநியாயம். நுனியில வெட்டினா அடிக்கு அநியாயம். ஒரு ஜனநாயகக் கழகம் அப்படி ஓரவஞ்சகம் செய்யலாமா?"

எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூங்கில் முழுவதையும் ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, தகுதி அடிப்படையில் ஒன்றைத் தெரிவுசெய்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். மூன்றரைக்கு முன் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னோமே என்று நினைவூட்ட நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கட்லட் வந்தது. திறந்த வாயை வீணாக்கக் கூடாது என்று கட்லட்டைப் போட்டுக்கொண்டேன்.

ரிஸ்மி கீழே போய் வாள் கொண்டு வந்தார். வெட்டினோம். துண்டுகளை ஊசி அளவுக்குச் சீவினோம். முதலாவது முறிந்தது. இரண்டாவது வளைந்தது. மூன்றாவதில் இளங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையைக் கண்டுபிடித்தார். முறிய முறிய எங்கள் உற்சாகம் ஏறியது. பொழுது சாயும் நேரத்தில் எல்லாவற்றிலும் சிறந்த ஒரு குச்சி கிடைத்தது. அதற்குச் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டி, நூல் கட்டி, மேசையில் நட்டபோது தலைவரின் கண் கலங்கியது. சீவி முடிந்த மற்றக் குச்சிகளையெல்லாம் ரிஸ்மி ஒரு போத்தலில் போட்டு வைத்தார். எதையும் எறியாத நல்ல வியாபாரி அவர்.

மூன்றரை மணி ரயில் எப்போதோ போயிருந்தது. கீழே சுந்தரி ரோட்டின் நடுவே கையை விரித்து நின்று கத்திய சத்தம் எங்களுக்கும் கேட்டதுதான். என்ன உருக்கமான குரல் என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் சுந்தரி மாடிப்படியின் கீழ் நின்று கூப்பிட்டார். ஊடகச் செயலாளர் என்ற முறையில் நான் இறங்கிப் போனேன்.

"என் மூங்கில் எங்கீங்க சேர்?"

"பரிசீலனையில இருக்கு."

"அது எந்தப் பக்கங்க?"

"பரிசீலனை எண்டா ஒரு இடமில்ல சுந்தரி. அது ஒரு நிலைமை."

"சேர், பொலிசில வந்து பாத்தா கேட்டு இல்லாத எடத்துக்குக் காவலு எதுக்குன்னு என்னய நிப்பாட்டிருவாங்க. வேல போனா போய்த் தொலையுது. யாராச்சும் கோச்சியில மாட்டிக்கிட்டா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

ரிஸ்மி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "கடையில பிவிசி பைப் ஈக்குது தங்கச்சி. நம்ம ஆள் எண்டபடியா பத்து வீதம் கழிவும் தாறேன்."

சுந்தரி அவரைப் பார்த்த பார்வையில் பைப் வளைந்திருக்கும். வீட்டுக்குப் போனார். போய், பொங்கலுக்கு எடுத்த தன்னுடைய சிவப்புச் சீலையைக் கொண்டு வந்து, ரயில் வரும் நேரமெல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்குக் கட்டத் தொடங்கினார். மூங்கிலை முட்டப் பார்க்கிற லொறிக்காரன்கூட ஒரு பெண்ணின் சீலையைக் கிழித்தான் என்ற பேர் வேண்டாம் என்று நின்றுவிட்டான். பார்த்தீர்களா, எங்கள் கழகத்தால் போக்குவரத்துத் துறையில் ஏற்பட்ட முதலாவது முன்னேற்றம்!

திறப்பு விழா நாள் வந்தது. பிரதம அதிதியின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அவர் இந்தக் கதையையும் திறந்துவைக்க வந்துவிடுவார். திறப்பு விழாக்களில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் போகிற இடத்தில் கத்தரிக்கோல் தேடுவார்கள். அவரோ சொந்தக் கத்தரிக்கோல் வைத்திருந்தார். அதை ஒரு வெல்வெட் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிவதற்கு ஒரு செயலாளரும் இருந்தார்.

அதிதி கண்டி ரோட்டிலிருந்து எங்கள் குறுக்கு வீதிக்குள் வந்து, கடவையைத் தாண்டித்தான் ரிஸ்மியின் கடைக்கு வர வேண்டும். ஆகையால் கடவைக்கு இந்தப் பக்கத்தில் நாங்கள் மாலையோடு வரிசையாக நின்றோம். பேண்ட் குழுவும் நின்றது. அந்தப் பக்கத்தில் அவருடைய வாகனம் வந்தது. அதே நேரத்தில் ரயிலும் வரவிருந்தது. சுந்தரி தன் கடமைப்படி சிவப்புச் சீலையை ரோட்டுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டு, வாகனத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

இப்போது அதிதியின் கண்ணால் பாருங்கள். எதிரே பேண்ட் வாத்தியம். மாலைகள். வெள்ளைச் சட்டையில் ஒரு கூட்டம். ரோட்டுக்குக் குறுக்கே சிவப்பாக ஒரு துணி. பக்கத்தில் ஒரு பெண்மணி கையை உயர்த்தி வரவேற்கிறார். ஒரு பொது வாழ்க்கைக்காரர் வேறு என்ன நினைப்பார்?

வாகனம் நின்றது. அதிதி இறங்கினார். செயலாளர் பெட்டியைத் திறந்தார்.

"ஐயோ சேர், வேணாங்க! கோச்சி வருது!" என்று சுந்தரி கத்தினார். பேண்ட் குழு அப்போதுதான் முழு மூச்சாக ஊதத் தொடங்கியிருந்தது. சுந்தரியின் தொண்டையும் அதில் அமுங்கிப்போனது; ரயிலின் ஹோர்னும் அமுங்கிப்போனது. அதிதி சுந்தரியைப் பார்த்துக் கும்பிட்டார். சீலையை நடுவில் பிடித்து, புகைப்படத்துக்குச் சிரித்து, ஒரே வெட்டு.

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஏன் தட்டினோம் என்று கேட்காதீர்கள். யாராவது நாடா வெட்டினால் எங்கள் கை தானாகத் தட்டும்.

அதிதி கையை அசைத்தபடி தண்டவாளத்தில் காலை வைத்தார். வளைவில் ரயில் தெரிந்தது. சுந்தரி பாய்ந்தார். அதிதியின் சட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்த இழுவையில் இருவரும் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவால் ரயில் தடதடவென்று போயிற்று. பேண்ட்காரர்கள் ஒவ்வொருவராக ஊதுவதை நிறுத்தினார்கள். பெரிய மேளம் அடிக்கிறவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தபடி இருந்தார்.

கடைசிப் பெட்டி போனதும் பார்த்தோம். அதிதி கானுக்குள் உட்கார்ந்திருந்தார். வலது கையில் கத்தரிக்கோல் உயர்த்தியபடியே இருந்தது. அந்தக் கடமையுணர்ச்சியை என்னவென்று சொல்வது! சுந்தரி எழுந்து, சேற்றைத் துடைக்காமல், வெட்டுண்ட சீலையின் இரண்டு பாதியையும் கம்பங்களிலிருந்து அவிழ்த்தார்.

அதிதியைக் கைத்தாங்கலாக மேல்மாடிக்குக் கொண்டு போனோம். ரிஸ்மி தன்னுடைய சாரம் ஒன்றைக் கட்டக் கொடுத்தார். சாரத்தோடு மங்கள விளக்கேற்றினார் அதிதி. திரி பற்றக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பிறகு தலைவர் சுவிட்சைப் போட்டார். சின்ன ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. பிளேன்டீ மலையைச் சுற்றியது. நாயைத் தாண்டியது. கடவையை நெருங்கியதும் ஒரு குட்டி மணி அடித்தது. சிவப்பு விளக்கு மினுங்கியது. ஒன்றரை அங்குல மூங்கில் அழகாக இறங்கியது. அதன் முன்னால், அதிதியின் வாகனத்தைப் போலவே செய்த ஒரு குட்டி வாகனம் மரியாதையாக நின்றது.

"அசல் கடவையில மணியும் லைட்டும் இல்லைதான்," என்று தலைவர் பணிவோடு விளக்கினார். "அந்த ஒரு விசயத்தில மட்டும் கொள்கைய விட்டுக் குடுத்தம், சேர். உயிர்ப் பாதுகாப்பு முக்கியம் இல்லையா?"

அதிதியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "எவ்வளவு பாதுகாப்பு!" என்றார். "இப்படி ஒரு கேட்டு இந்த நாட்டுல எல்லா இடத்துலயும் வரணும்!"

கைதட்டினோம். சிற்றுண்டி வந்தது. கட்லட், ரோல்ஸ், சின்னச் சின்னக் கோழி இறைச்சித் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் அழகான ஒரு குச்சி குத்தியிருந்தது.

அப்போது சுந்தரி மாடியேறி வந்தார். தோளில் இரண்டு துண்டுச் சீலை. அவரைக் கண்டதும் அதிதி எழுந்து நின்றார். நன்றியுள்ள மனிதர், அதை நான் மறுக்கமாட்டேன்.

"வாங்கம்மா. உங்களாலதான் உயிரோட இருக்கேன். ஆனா ஒண்ணு கேக்கணும். கேட்டு போடாம ஏன் சீலையக் கட்டி வச்சீங்க?"

"கேட்டு இந்த ஐயாமாருகிட்ட இருக்குங்க," என்றார் சுந்தரி.

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். தலைவர் கொஞ்சமும் கலங்காமல் மேசையைக் காட்டினார். "இதோ சேர். பத்திரமா."

சுந்தரி குனிந்து அந்த ஒன்றரை அங்குலத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"மிச்சம்?"

இளங்கோ கூரையை அளந்தார். நான் சிற்றுண்டித் தட்டைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சுந்தரியின் கண்ணும் என் கண்ணோடு சேர்ந்து அங்கே போயிற்று. ஒரு குச்சியை எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்தார். அதன் நுனியில் கொஞ்சம் சிவப்பு இருந்தது. அவரே அடித்த பெயின்ட்.

"இது என் கேட்டு," என்றார். இன்னொன்றை எடுத்தார். "இதும் என் கேட்டு." பிறகு மெதுவாக அதிதியின் பக்கம் திரும்பினார். "சேர் பல்லுக் குத்துறதும் என் கேட்டுதாங்க."

அதிதி குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அதைப் பார்த்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளர் அதை வெல்வெட் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"யா அல்லாஹ், வீணாப் போகக் கூடாதெண்டுதான்..." என்று ரிஸ்மி தொடங்கி, நடுவில் நிறுத்திக்கொண்டார்.

ஆனால் அதிதி பெரிய மனிதர். நெஞ்சில் கை வைத்தார். "ஒரு மாதத்துக்குள்ள இந்தக் கடவைக்கு வெளிநாட்டுக் கேட்டு. தானா இறங்கும். மணி, லைட்டு எல்லாம். இது என் வாக்கு!"

நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். நான் சுந்தரிக்குக் கொடுத்த வாக்கு, நான் வாயைத் திறக்காமலே நிறைவேறிவிட்டது. நிர்வாகத் திறமை என்றால் இதுதான்.

"அதுவரைக்கும்?" என்றார் சுந்தரி.

"அதுவரைக்கும் எல்லாரும் பொறுமையா இருக்கணும்."

"நான் இருப்பேங்க. அடுத்த கோச்சி இருக்காதே."

அவர் இறங்கிப் போனார். நாங்கள் விழாவைத் தொடர்ந்தோம். தலைவர் பேசினார். ஏற்புரைக்கு ஏற்புரை நடந்தது. இடையில் கீழே ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. ஊர் மக்களும் கைதட்டுகிறார்கள் என்று நினைத்தோம். நன்றியுரை முடிந்து அதிதியை வழியனுப்ப இறங்கியபோது கடையின் முன்சுவர் வெறுமையாக இருந்தது. நாலு ஸ்குரூ ஓட்டை மட்டும் இருந்தது.

"அந்தக்கா ஸ்குரூ டிரைவர் ஒண்ணு கேட்டிச்சு," என்றான் ரிஸ்மியின் கடைக் காசாளன். "முதலாளியோட விழா வேலையாக்கும் எண்டு குடுத்திட்டேன்."

தூரத்தில், கடவையில், ஒரு முனையில் கல் கட்டி, மறுமுனையில் கயிறு கட்டி, சிவப்பாக, பன்னிரண்டு அடி நீளத்தில், எங்கள் பெயர்ப்பலகை நின்றுகொண்டிருந்தது. ரோட்டின் அகலத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. எங்கள் கழகத்தில் அளவு பிசகாமல் அமைந்த முதலாவது பொருள் அதுதான் என்று இளங்கோவே ஒப்புக்கொண்டார்.

பிரதம அதிதி வாக்குத் தவறுகிறவர் அல்ல. ஒரு மாதம் முடிவதற்குள் வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்தது. தானாக இறங்கும் கேட்டு, மணி, சிவப்பு விளக்கு எல்லாம் அதில் இருந்தன. எல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில். கடவை என்றதும் அவருக்கு மேல்மாடிக் கடவைதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. அதில் பிழை சொல்ல முடியாது. அவர் அழுதது அங்கேதானே. இப்போது எங்கள் மேசையில் ஒரே கடவைக்கு இரண்டு கேட்டு இருக்கிறது. இரட்டிப்புப் பாதுகாப்பு.

ஆனால் பெயர்ப்பலகை இல்லாத கழகம் கழகமாகுமா? பலகையை மீட்டெடுப்பது என்று அவசரக் கூட்டத்தில் தீர்மானித்தோம். யார் போய்க் கேட்பது என்ற கட்டம் வந்தபோது தலைவருக்கு நாய் கடித்த இடம் வலித்தது. இளங்கோவுக்கு டியூஷன் இருந்தது. ரிஸ்மிக்குக் கடையில் ஆள் வந்தது. ஊடகச் செயலாளரான நான் போனேன்.

சுந்தரி குடைக்குக் கீழே நின்றிருந்தார். தோளில் சிவப்புச் சீலை. இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்திருந்தார்.

"சுந்தரி, எங்கட பலகை..."

"பரிசீலனையில இருக்குங்க சேர்."

"இல்ல சுந்தரி, கழகத்தில எல்லாரும்..."

"சேர், ஒதுங்குங்க. கோச்சி வருது."

கயிற்றை இழுத்தார். கண்டி மாநகர மற்றும் சுற்றுப்புறச் சிற்றளவுப் புகையிரத ஆர்வலர் நலன்புரி முன்னேற்றக் கழகம் என் மூக்குக்கு முன்னால் இறங்கியது. பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்த பிள்ளைகள் அதில் முட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு லொறி நின்றது. ஒரு த்ரீவீல் என் பக்கத்தில் வந்து நின்றது. ரயில் தடதடவென்று போகத் தொடங்கியது.

ரயில் போகும்வரைக்கும் செய்வதற்கு வேறு வேலை இல்லாமல், த்ரீவீல்காரர் பலகையை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். வாசித்து முடித்து, வெளியே தலையை நீட்டி, என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஐயா, இந்தக் கழகம் என்னா செய்யுது?"

நான் இத்தனை காலமாகக் காத்திருந்த கேள்வி. தொண்டையைச் செருமினேன். தயாராக வைத்திருந்த உரையின் முதல் வரி வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் சுந்தரி, கயிற்றை விடாமல், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"இப்பதாங்க ஒரு வேல செய்யுது."